வாடகைக்கு வாசித்த 10 மாசம்

போன புதன்கிழமை ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. 14 விநாடி. போட்டுக் கேட்டால் பேச்சே இல்லை. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டுகிற சத்தம். கொஞ்சம் ஓட்டம், அப்புறம் மூணு தடவை ததிங்கிணதொம், சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் ஒரு பழைய ஃபேன் கடகடக்கிறது.

"யாருங்க இந்நேரத்துல?" என்றாள் மனைவி.

"தொப்பி."

"என்னவாம்?"

"எங்க எடுக்கணும்னு கேக்குறான்."

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கல்யாணமாகி 15 வருஷத்தில் இதைப்போல எத்தனையோ பார்த்துவிட்டாள்.

தொப்பி மலேசியாவில் ஒரு கோயிலில் தவில் வாசிக்கிறான். இங்கே 11 என்றால் அங்கே ஒன்றரை. அர்த்தஜாமம் முடிந்து, சாப்பிட்டு, தூக்கம் வராமல் டம்ளரைத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பதில் போடாமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனோடு 10 மாசம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். அதுவும் எப்படி? ஒரே மேள செட்டில், ஒரே வேனில், ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பேர். தவிலுக்கு ரெண்டு முகம். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்கிற பக்கம் வலந்தலை. கழியால் அடிக்கிற பக்கம் தொப்பி. அவனுக்கு நாலு வயசு இருக்கும்போது அவன் அப்பா சாதகம், அதாவது பயிற்சி, பண்ணினால் இந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளங்கையால் தொப்பியைத் தட்டிக்கொண்டே இருப்பானாம். விரட்டினாலும் போகமாட்டானாம். அப்படி வந்த பேர். எனக்கு அவன் வைத்த பேர் பீப்பி. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியைக் கிள்ளி ஊதுவோமே, அந்தப் பீப்பி. நாயனக்காரன் வீட்டுப் பையனுக்கு இதைவிடக் கேவலமான பேர் கிடையாது. அவன் கையிலிருந்த கழியும் அதே பூவரசு மரத்தில் செதுக்கியதுதான் என்று நான் திருப்பிச் சொல்வேன்.

எங்கள் ஊர் ஆடுதுறைக்குப் பக்கம். சைக்கிளை மிதித்தால் நரசிங்கம்பேட்டை. அங்கே நாயனம் கடைகிறார்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் திருவாவடுதுறை; அங்கே நாயனத்தின் நுனியில் மாட்டி வாயில் வைத்து வாசிக்கிற சீவாளி கட்டுகிறார்கள். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த ஊர் அது. அவர் போனது 1956ல். நாங்கள் பையன்களாக இருந்தபோதும் பெரியவர்கள் அவரைப் பற்றி நேற்றுப் பார்த்த மாதிரிதான் பேசுவார்கள். யாராவது தோடி ராகத்தை எடுத்துவிட்டால் போதும், "ம்ம்... அவரு வாசிச்சதுக்கப்புறம் இதெல்லாம்..." என்று ஒரு இழுவை. அந்த இழுவையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தோடி மேல் ஒரு பயம். 2022ல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி, ஆச்சா மரத்துக்கு எங்கடா போறது?" என்று கேட்டார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் நாயனத்துக்குத் தோதான மரம். நன்றாகக் காய்ந்து முதிர்ந்திருக்கவேண்டும். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

நாங்கள் பையன்களாக இருந்தபோது எங்கள் செட்டில் பெரியப்பா முதல் நாயனம், நான் ரெண்டாவது. தொப்பியின் அப்பா முதல் தவில், அவன் ரெண்டாவது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சுற்றி வளைத்துச் சொந்தமும் உண்டு. தாளத்துக்குத் தொப்பியின் சித்தி மகன், 9 வயசுப் பொடியன். நானும் தொப்பியும் பதினொண்ணாவது படித்துக்கொண்டிருந்தோம். படித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. முகூர்த்த நாளில் எங்கள் வகுப்பில் எப்போதும் ரெண்டு இடம் காலியாக இருக்கும்.

சண்டைக்கு விதை விழுந்தது ஒரு கல்யாணத்தில். பெரிய வித்வான் ஒருத்தர் பெண் வீட்டுக்கு வேண்டியவராக வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டார். தொப்பியின் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கை பேசுது தம்பி, விட்டுடாதே" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும் நல்லா ஊதுறே."

ஊதுறே.

வெளியாட்கள் சொன்னால் பரவாயில்லை. நாயனத்தை எங்கள் ஆட்கள் ஊதமாட்டார்கள், வாசிப்பார்கள். ஊதுவது அடுப்பை. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார், அல்லது சும்மா வாயில் வந்தது. இன்றைக்கு யோசித்தால் ரெண்டாவதுதான் என்று படுகிறது. அன்றைக்கு அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூணு வாரம் தூங்கவில்லை. வித்வான் மேல் கோபம் வரவில்லை. தொப்பி மேல் வந்தது. அவன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தானே, அந்தச் சிரிப்பின் மேல்.

வைகாசி விசாகம். சாமி புறப்பாடு. மல்லாரி முடிந்து கீழவீதி திரும்பி ஒரு மண்டகப்படியில் சாமியை இறக்கியிருந்தார்கள். பெரியப்பாவும் மாமாவும் காபி சாப்பிடப் போனார்கள். "பசங்களா, பாத்துக்கங்க" என்று விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெனரேட்டர் வண்டியின் டியூப் லைட் வெளிச்சத்தில், திண்ணையில் வழக்கமாக உட்கார்கிற பெரிசுகள் நாலு பேர். தாளம் போட்டுக் கேட்கிற ஆட்கள்.

காம்போதி. அவர்கள் போகும்போது வாசித்துக்கொண்டிருந்த பல்லவியைத் தொடர்ந்தேன். ஆதி தாளம், சமத்திலிருந்து, அதாவது தாளம் தொடங்குகிற இடத்திலிருந்து, அரை இடம் தள்ளி எடுப்பு; பல்லவியைத் தொடங்குகிற இடம்தான் எடுப்பு. தொப்பி பிரமாதமாக வாசித்தான். நான் ஒரு சங்கதி போட்டால் அதை அப்படியே கையில் வாங்கித் திருப்பித் தருவான். திண்ணையில் ஒருத்தர் "பேஷ்" என்றார். அது யாருக்கு? எனக்கா, அவனுக்கா? அவனுக்குத்தான் என்று முடிவுகட்டினேன்.

அவன் தீர்மானம், அதாவது ஒரே சொல்லை மூணு தடவை வாசித்து முடிக்கிற முடிப்பு, வைக்க ஆரம்பித்தான். ததிங்கிணதொம், ஒரு மாத்திரை, அதாவது கால் இடம், விட்டு மறுபடி ததிங்கிணதொம், ஒரு மாத்திரை விட்டு மறுபடி. ஒரு ததிங்கிணதொம் 5 மாத்திரை; 5 மூணு 15, நடுவில் விட்டது 2, ஆக 17. நேராக அரை இடத்தில் வந்து இறங்கும். அங்கே நான் பல்லவியை எடுக்கவேண்டும். ரெண்டு பேரும் ஒரே புள்ளியில் சேர்ந்தால்தான் அது தீர்மானம். இல்லாவிட்டால் ஒருத்தன் மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாத படியில் விழுவது.

நான் எடுக்கவில்லை. ஒரு மாத்திரை விட்டு, முக்கால் இடத்தில் எடுத்தேன்.

இடம் மாற்றி எடுப்பது தப்பில்லை. வித்வான்கள் செய்வதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கண்ணாலோ தலையாலோ ஒரு சாடை காட்டிவிட்டுச் செய்வார்கள். நான் காட்டவில்லை. ரெண்டு நாளாக வீட்டில் தனியாகச் சாதகம் பண்ணி வைத்திருந்தேன். அவன் கழி 'தொம்' என்று இறங்கியது, அந்த இடத்தில் நாயனம் இல்லை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம். அந்த நேரத்துக்குள் திண்ணையில் "ப்ச்" கேட்டது. அவன் தடுமாறி அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், பிடிக்கப் பார்த்து, பதற்றத்தில் இன்னும் தள்ளிப் போனான். தாளம் போட்ட பொடியன் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து மாமா திரும்பி வந்தார். கையில் காபி டம்ளர். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. தவில்காரன் கவிழ்ந்தால் தவில்காரன்தான் தப்பு. டம்ளரைத் திண்ணையில் வைத்தார், நேரே வந்து மகன் கையிலிருந்த கழியைப் பிடுங்கிக்கொண்டார். "எந்திரிடா."

அத்தனை பேர் முன்னால். எதிர் வீட்டு மாடியில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வேறு.

தொப்பி எழுந்தான். என்னைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். திட்டம் போட்டுச் சிரிக்கவில்லை. நாயனத்தை உதட்டிலிருந்து எடுக்கும்போது தானாக வந்துவிட்டது. கவிழ்த்ததையாவது அவன் மறந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பேச்சு நின்றது.

வேறு தொழிலாக இருந்தால் பேசாமல் ஆளுக்கொரு திசையில் போய்விடலாம். மேளத்தில் முடியாது. தை, மாசி, வைகாசி என்று முகூர்த்தம் வந்தபடி இருக்கும். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. என்ன ராகம், என்ன தாளம், எந்தக் காலம் என்று தவிலுக்குச் சொல்லியாகவேண்டும். யார் சொல்வது? தாளக்காரப் பொடியன்தான் தபால்காரன். நான் அவன் காதில் சொல்வேன், அவன் இடது பக்கம் சாய்ந்து தொப்பியின் காதில் சொல்வான். "அடுத்தது கல்யாணியாம். ரூபகமாம்." தொப்பி மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தலையாட்டுவான். பொடியன் ஒரு தபாலுக்கு ஒரு கடலை மிட்டாய் என்று ரேட் வைத்திருந்தான். ரெண்டு பக்கமும் தனித்தனியாக வசூல் பண்ணியிருக்கிறான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்றைக்கு அவன் ஒசூரில் கார் உதிரிபாகம் விற்கிறான், நன்றாக இருக்கிறான்.

மன்னிப்புக் கேட்க ஒரு தடவை முயற்சி பண்ணினேன். கும்பகோணத்தில் ஒரு சத்திரத்தில், பந்தியில் அவன் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். "தொப்பி..." என்று ஆரம்பித்தேன். கூட்டு வைக்க வந்தவரிடம் "நான் அடுத்த பந்திக்கு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்குப் பசி தாங்காது. அன்றைக்கு ரெண்டு பந்தி தள்ளித்தான் சாப்பிட்டான்.

அவன் என்னைப் பழிவாங்கவில்லை. அதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். எங்காவது ஒரு மேடையில் என்னையும் கவிழ்ப்பான், கணக்கு நேராகிவிடும், பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கவிழ்க்கவில்லை. ஒரு இடத்திலும் தாளம் பிசகவில்லை. ஆனால் நான் வாசிக்கும்போது சர்வலகு மட்டும்தான் வாசிப்பான். தா திமி தகஜுணு என்று நேர்நடை. நான் என்ன சங்கதி போட்டாலும் பிடித்துக்கொள்ளமாட்டான், திருப்பித் தரமாட்டான். சுவரில் பந்து எறிந்தால்கூடத் திரும்பி வரும். இது மணலில் எறிகிற மாதிரி. பெரியப்பா வாசிக்க ஆரம்பித்தால் அதே கை பூவாகக் கொட்டும். மறுபடி என் முறை வந்தால் சர்வலகு.

ஜனங்களுக்கு இது தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்தது. ஒரு நாள் வேனில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "என்னடா, அவன் உனக்கு மட்டும் வாடகைக்கு வாசிக்கிறான்?"

நான் பதில் சொல்லவில்லை. முன் சீட்டில் தொப்பியின் தலை அசையாமல் இருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

மார்கழி வந்தது. விடிகாலை நாலரைக்குக் கோயிலில் திருப்பள்ளியெழுச்சி. அதற்கு முன்னாலேயே சாதகம். நான் இந்தக் கரைப் படித்துறையில், அவன் அந்தக் கரை மண்டபத்தில். சேர்ந்து ஒரே படித்துறையில் உட்கார்ந்தவர்கள்தான். வைகாசிக்கப்புறம் அவன் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டான். கோடையாக இருந்தால் மணலில் நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். மார்கழியில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர், மேலே பனி. அக்கரை தெரியாது. அவன் கட்டையில் தட்டுகிற சத்தம் மட்டும் தண்ணீர்மேல் வரும். தவில் பையன்கள் முதலில் மரக்கட்டையில்தான் சாதகம் பண்ணுவார்கள். கை திடப்படும், ஊரும் தூங்கும்.

அன்றைக்கு மாயாமாளவகௌளையில் அலங்காரம் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பாடம், ஏழு வயசுப் பையன் வாசிப்பது. ஆனால் பெரியப்பா மார்கழி மாசம் முழுக்க அதைத்தான் வாசிக்கச் சொல்வார். மூணாம் காலத்தில் சதுஸ்ர ஏகத்துக்கு வரும்போது மேல் ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் மூச்சு பத்தாமல் ஒரு இடத்தில் அவசரப்படுவேன். மயிரிழைதான். எனக்கே தெரியாது.

அந்த இடம் வந்தது. அக்கரையிலிருந்து 'டக்' என்று ஒரு அடி.

தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் 'டக்.' அவன் தன் சாதகத்தை நிறுத்திவிட்டிருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆற்றில் வேறு சத்தமே இல்லை. மூணாவது தடவை மூச்சை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, விரலைக் கட்டிப்போட்டு வாசித்தேன். அந்த இடத்தைத் தாண்டினேன். 'டக்' வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்தான்.

குளிரில் உதடு வெடித்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுநாள் வேண்டுமென்றே வேறொரு இடத்தில் அவசரப்பட்டுப் பார்த்தேன். 'டக்.' அதற்கு அடுத்த நாள் எல்லாம் சரியாக வாசித்துவிட்டு, கடைசியில் ஒரு சின்ன முத்தாய்ப்பை அக்கரை நோக்கி வாசித்தேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. நாயனத்தைத் துடைத்துப் பையில் வைக்கும்போது வந்தது. ததிங்கிணதொம், ஒரே ஒரு தடவை. தீர்மானம் என்றால் மூணு தடவை வரவேண்டும். மிச்சம் ரெண்டை அவன் தரவில்லை.

மார்கழி முடியும்வரை இப்படித்தான். பகலில் கோயிலில் பார்த்தால் பழையபடி வேறு பக்கம் மூஞ்சி. பொடியனுக்குக் கடலை மிட்டாய்.

தையும் மாசியும் கல்யாணத்திலேயே போனது. மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், வாசிப்போம். சினிமாப் பாட்டு வாசிப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. 'சிங்காரவேலனே தேவா'வும் சினிமாப் பாட்டுதான். ஜானகி அம்மா பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை.' அதை வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டால் அன்றைக்குத் தொப்பியின் கை சர்வலகை விட்டுக் கொஞ்சம் வெளியே வரும். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடும். நத்தை மாதிரி.

பங்குனி உத்திரம். எங்கள் ஊர் இல்லை, மாயவரம் பக்கம் வேறொரு ஊர். ராத்திரிப் புறப்பாடு. மாமாவுக்குத் தோள்பட்டையில் வலி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேனில் படுத்துவிட்டார். பெரியப்பா மல்லாரி வாசித்து, வடக்கு வீதி வரை வந்துவிட்டு, "நீ பாத்துக்க" என்று என்னிடம் விட்டார். அவர் ஒதுங்கினாலும் சாமிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பத்து மாசம் கழித்து மறுபடி நானும் தொப்பியும் மட்டும். பொடியனைக் கூப்பிட்டு, "கல்யாணி, ஆதி தாளம், சமத்துல எடுப்பு" என்றேன். இந்தத் தடவை மூணையும் சொன்னேன். பொடியன் தபாலைச் சேர்த்தான். தொப்பி என்னைப் பார்க்காமல் கூட்டை விரலில் அழுத்திக்கொண்டான்.

ஆலாபனை முடித்துப் பல்லவிக்கு வந்தேன். சர்வலகு. சரி, அவ்வளவுதான் நம் தலையெழுத்து என்று வாசித்துக்கொண்டிருந்தேன். மூணு மணி நேரம் வாசித்ததில் சீவாளி ஊறிப்போய் வழவழவென்று ஆகிவிட்டது. நாதம் கம்மியது. நாயனத்தில் கயிறு கட்டி மாற்றுச் சீவாளிகள் தொங்கும், பார்த்திருப்பீர்கள், அழகுக்கு இல்லை அது. தொப்பி தீர்மானம் வைக்கிற நேரத்துக்குள் பழசை உருவி, வேறொன்றை வாயில் வைத்து நனைத்து மாட்டினேன். அவசரத்தில் கைக்கு வந்தது புதுசு. இன்னும் பழகாதது. புதுச் சீவாளி புது மாப்பிள்ளை மாதிரி, முதலில் வாயே திறக்காது.

ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம். சமம்.

காற்றுதான் போனது. நாதம் வரவில்லை. உதட்டை இறுக்கி மறுபடி கொடுத்தேன், வந்தது. அரை இடம் தாண்டிவிட்டிருந்தது.

முதுகில் சில்லென்று வேர்த்தது. பின்னால் பெரியப்பா. ஓரத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிறுத்தினார்கள். அரை இடம் தள்ளி எடுத்த பல்லவியை நிறுத்தவும் முடியாது, திருத்தவும் முடியாது. அந்த ஆவர்த்தனம் முழுக்கக் கப்பல் சாய்ந்த மாதிரி ஓடியது. அடுத்து அவன் தீர்மானம். இந்தக் கையில்தான் இப்போது என் மானம் இருக்கிறது. சமத்தில் அவன் சுத்தமாக வந்து இறங்கினால் போதும். அவன் சரி, நான் தப்பு என்று கல்வெட்டில் எழுதிய மாதிரி ஆகிவிடும். ஒரு தப்பும் செய்யாமலே என்னைக் கவிழ்க்கலாம்.

ததிங்கிணதொம். ஒரு மாத்திரை விட்டான். இன்னொரு மாத்திரையும் விட்டான்.

நான் நிமிர்ந்தேன். ததிங்கிணதொம். மறுபடி ரெண்டு மாத்திரை. எண்ணிக்கொண்டே வந்தவனுக்கு அப்போதுதான் புரிந்தது. 15, நடுவில் 2ம் 2ம், 19. சமத்தைத் தாண்டி அரை இடத்துக்கு வருகிறான். நான் விழுந்த இடத்துக்கு.

முதல் தடவையாக என்னைப் பார்த்தான். தவில்காரர்கள் பண்ணுவார்களே, புருவத்தை மட்டும் தூக்கி, 'எடு' என்று. கழி இறங்கியதும் நாயனமும் இறங்கியது. ரெண்டும் ஒண்ணாக.

"அடடே, இடம் மாத்திட்டானுங்கப்பா பசங்க!" என்று ஓரத்தில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். அந்த ஊர் ஆளுக்கு இன்றைக்கு வரைக்கும் அது தப்பு என்று தெரியாது. அப்புறம் ஒரு அரைமணி நேரம் என்ன வாசித்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் போட்டதெல்லாம் திரும்பி வந்தது, அது மட்டும் தெரியும். 10 மாச பாக்கியையும் வட்டியோடு கொட்டினான். பொடியன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தாளம் போட்டான். வருமானம் போகப்போகிறது என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

சாமி கோயிலுக்குள் போய், பள்ளியறையில் பெரியப்பா நீலாம்பரி வாசித்து முடித்தபோது மணி மூணரை. மடப்பள்ளியில் தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். மதில் ஓரமாக உட்கார்ந்தேன். தொப்பி வந்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். இடது கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது, அதில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டான். புளியோதரையில் வேர்க்கடலையைப் பொறுக்கி முதலில் தின்பது அவன் பழக்கம். பொறுக்கிக்கொண்டே சொன்னான்:

"அந்தச் சீவாளியத் தூக்கி ஆத்துல போடுடா, பீப்பி."

"புதுசுடா. இன்னும் பழகல."

"பழகாததை எதுக்குடா எடுத்துட்டு வர்றே?"

வைகாசியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. வேனில் ஏறும்போது பெரியப்பா என் காதுக்குக் கிட்டே வந்து, "அவன் தூக்கிவிட்டான், தெரியுதில்ல?" என்றார். தெரியும் என்றேன். "மாமாகிட்ட நீயே சொல்லு, அன்னைக்கு என்ன பண்ணினேன்னு." அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மறுநாள் போய்ச் சொன்னேன். மாமா தவில் வார்ப்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தொப்பிக்குப் புதுக் கழி ஒன்று செதுக்கிக் கொடுத்தாராம். அதை இன்னும் வைத்திருக்கிறான், மலேசியாவில், டிரங்குப் பெட்டியில்.

நான் இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டு வாசிக்கப் போவேன். கூட வாசிக்கிற தவில் பையன் கெட்டிக்காரன். ஆனால் நான் தப்புப் பண்ணினால் மரியாதையாகச் சமத்திலேயே வந்து இறங்குகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். பதில் போடவேண்டும். 11 மணிக்கு வாடகை வீட்டில் நாயனத்தை எடுத்தால் தெருவே எழுந்துவிடும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அவன் அனுப்பியதை மறுபடி போட்டு, தொடையில் தாளம் போட்டு எண்ணினேன். 17. சமத்தில் எடுக்கிற மாதிரி வைத்திருந்தான். பிசிறே இல்லை. அந்த 14 விநாடிக்கு மேல் நான் எடுப்பை வாயால் பாடி அனுப்பவேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு.

பதிவு பட்டனை அழுத்தி, கல்யாணியில் அந்தப் பழைய பல்லவியை எடுத்தேன். ஒரு மாத்திரை தள்ளி. வேண்டுமென்றேதான்.

ரெண்டு நீல டிக் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் டைப் பண்ணுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"டேய்."

அதற்குக் கீழே இன்னொரு குரல் பதிவு. 15 விநாடி.